மலை ஏறும்போது ஆயில் விளக்கு மினுக்குதா? எஞ்சின் வேலை பார்த்த லாரியில் பேரிங் போவது ஏன், கண்டுபிடிப்பது எப்படி?

போளூரிலிருந்து ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூருக்கு ஏறும் பாதை. எஞ்சினைப் பிரித்துக் கட்டி சில நாட்களே ஆன ஒரு லாரி, லோடோடு வளைவு வளைவாக ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு ஒரு நொடி மினுக்கி அணைகிறது. அடுத்த கொண்டை ஊசி வளைவில் மறுபடியும் அதேதான். "இப்பதானே எஞ்சின் வேலை பார்த்தோம், ஓட ஓட செட் ஆயிடும்" என்று மேலே ஏற்றுவதா, அங்கேயே நிறுத்துவதா?

நிறுத்தத்தான் வேண்டும். வண்டியின் எல்லா எச்சரிக்கை விளக்குகளிலும் பேச்சுவார்த்தைக்கே இடமில்லாதது இந்த ஒன்றுதான். சூடு ஏறினால் சில நிமிடம் அவகாசம் இருக்கும். ஆயில் பிரஷர் போனால் அந்த அவகாசம் கிடையாது. சில நூறு ரூபாய் வால்வு ஸ்பிரிங்கோடு முடிய வேண்டிய வேலை, கிராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராடு, சில நேரம் பிளாக் என்று லட்சக் கணக்கில் போய் நிற்கும். கடன் வாங்கி எஞ்சின் வேலை பார்த்த ஓனர் கம் டிரைவருக்கு அது இரண்டாவது கடன்.

மலையில் எப்படி நிறுத்துவது?

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறோம். விளக்கைப் பார்த்த பதற்றத்தில் ஓடும் வண்டியிலேயே எஞ்சினை அணைத்துவிடக் கூடாது. பவர் ஸ்டீயரிங் உடனே கல்லாகிவிடும். ஏர் பிரேக் வண்டியில் கம்ப்ரஸர் நின்றுவிடும். டேங்கில் மிச்சம் இருக்கும் காற்றுக்கு சில மிதிகள்தான் ஆயுசு. இறக்கத்தில் நியூட்ரல் போட்டு உருட்டிக்கொண்டு போவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். இருப்பதில் சமமான, பின்னால் வரும் வண்டிக்குத் தெரியும் இடமாகப் பார்த்து ஒதுக்குங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, அதன் பிறகு எஞ்சினை அணையுங்கள். பத்து நிமிடம் பொறுத்து ஆயில் கம்பியை எடுத்துப் பாருங்கள். சரிவில் நிற்கும் வண்டியில் கம்பி சரியான அளவைக் காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆயில் குறைந்திருந்தால் ஊற்றிப் பார்க்கலாம். அளவு சரியாக இருந்தும் விளக்கு அணையவில்லை என்றால், டோ செய்து இறக்குவதுதான் மலிவு. டோ வண்டி வாடகை அதிகமாகத் தெரியும். கிராங்க் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தெரியாது.

ஆயில் பிரஷர் உண்மையில் என்ன செய்கிறது?

பம்ப் கொடுக்கும் அழுத்தம்தான் கிராங்க்கைத் தாங்கிப் பிடிக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1883-ல் இங்கிலாந்தில் பீச்சாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். பேரிங்கின் மேல்பக்கம் ஆயில் விட ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் ஆயில் உள்ளே போவதற்குப் பதில் அந்தத் துளை வழியாக வெளியே வந்தது. மரக்கட்டையால் அடைத்தார், கட்டையையே தள்ளியது. மீட்டர் வைத்துப் பார்த்தபோது, பேரிங் மீது இருந்த சராசரி பாரத்தைவிட அதிக அழுத்தம் அங்கே இருந்தது. சுழலும் தண்டு தானே ஆயிலை ஆப்பு போல இழுத்துச் சொருகி, அதன் மேல் மிதக்கிறது. இதன் கணக்கை 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் எழுதினார். இன்றைக்கும் லாரி கிராங்க் ஓடுவது அந்தக் கணக்கில்தான்.

அப்போ பம்ப் எதுக்கு? இடைவெளி வழியாகக் கசிந்துபோகும் ஆயிலை நிரப்பிக்கொண்டே இருக்க, சூட்டைக் கழுவிக்கொண்டு போக. கசிவைவிட வரத்து குறைந்தால் ஆப்பு உடையும், உலோகத்தில் உலோகம் உரசும்.

இங்கே ஒரு கணக்கு முக்கியம். பேரிங் இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு இரண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்காகும். 75 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஜர்னலுக்கு ஏறக்குறைய 0.075 மில்லிமீட்டர் இடைவெளி என்பது பட்டறைகளில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஒரு தலைமுடி அளவுதான். அது இரண்டு முடி அளவானால் எட்டு மடங்கு ஆயில் ஓடிவிடுகிறது. ஐடிலில் மெதுவாகச் சுற்றும் பம்ப்பால் அந்த ஓட்டைக்கு ஈடுகொடுக்க முடியாது. அதனால்தான் பேரிங் தேய்ந்த எஞ்சின் முதலில் ஐடிலில் காட்டிக்கொடுக்கும்.

எவ்வளவு இருக்க வேண்டும்?

எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், கம்பெனி மேனுவலில் இருப்பதுதான் இறுதி. பொதுவாக, நன்றாகச் சூடேறிய கனரக டீசல் எஞ்சினில் ஐடிலில் 1 பார், அதாவது ஏறக்குறைய 15 பி.எஸ்.ஐ., முழு வேகத்தில் 3 முதல் 5 பார் வரை எதிர்பார்க்கலாம்.

விளக்கை மட்டும் நம்பும் டிரைவர்கள் இதைக் கவனிக்கணும். பெரும்பாலான வண்டிகளில் அந்த விளக்குக்கான சுவிட்ச் அரை பார் வாக்கில்தான் வேலை செய்யும். 4 பார் இருக்க வேண்டிய இடத்தில் 1 பார் மட்டும் இருந்தாலும் விளக்கு எரியாது. விளக்கு எரியும்போது பிரச்சினை தொடங்கவில்லை, முற்றியிருக்கிறது.

முதலில் மீட்டரைச் சந்தேகப்படுங்கள்

எஞ்சினைத் திறக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது. சென்டர் யூனிட் பழுது, ஒயர் எர்த் ஆவது, கிளஸ்டர் கோளாறு எல்லாம் பொய் விளக்கு காட்டும். சென்டரைக் கழற்றிவிட்டு அதே துளையில் ஒரு மெக்கானிக்கல் பிரஷர் கேஜ் மாட்டி, குளிர்ந்த எஞ்சினிலும் நன்றாகச் சூடான பிறகும் ஐடிலிலும் ரேஸிலும் நான்கு அளவு எடுத்து எழுதி வையுங்கள். அந்த நான்கு எண்களே பாதி நோயைச் சொல்லிவிடும். இதைச் செய்யாமல் "பேரிங் போச்சு, இறக்கிடலாம்" என்று சொல்லும் மெக்கானிக்கிடம் கேஜ் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம்.

அடுத்தது ஆயில். கம்பியில் அளவு தானாக ஏறியிருக்கிறதா? டீசல் வாடை வருகிறதா? அப்படியானால் இன்ஜெக்டரிலோ பம்ப்பிலோ ஒழுகி டீசல் கலக்கிறது, ஆயில் தண்ணீராகிவிட்டது. பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது. இந்த இரண்டிலும் பிரஷர் குறைவதற்குப் பேரிங் காரணமில்லை. ஆனால் அப்படியே ஓட்டினால் பேரிங்கும் போகும்.

எப்போது குறைகிறது? அதுதான் துப்பு

குளிர்ச்சியில் நல்ல பிரஷர், சூடானதும் ஐடிலில் விழுகிறது, ரேஸ் செய்தால் ஓரளவு ஏறுகிறது: இது இடைவெளி அதிகம் என்பதற்கான அடையாளம், அல்லது ஆயில் மெலிந்துவிட்டது. 15டபிள்யூ-40 ஆயில் 40 டிகிரியில் இருப்பதைவிட 100 டிகிரியில் சுமார் 7 மடங்கு இளகிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்து "பிரஷர் சூப்பரா இருக்கு" என்று சாவியைக் கொடுப்பதில் அர்த்தமே இல்லை.

ஐடிலில் சரி, வேகம் கூட்டக் கூட்ட பிரஷர் இறங்குகிறது அல்லது முள் ஆடுகிறது: பம்ப்புக்கு ஆயில் வந்து சேரவில்லை. ஸ்ட்ரெய்னர் அடைப்பு, அல்லது உறிஞ்சு குழாயின் பேக்கிங் வழியாகக் காற்று இழுக்கிறது.

எல்லா நிலையிலும் குறைவு, சத்தம் எதுவும் இல்லை: ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம். ஒரு சின்ன உலோகத் துகள் போதும் அதற்கு. கழற்றிச் சுத்தம் செய்து, ஸ்பிரிங் நீளம் பார்க்க அதிக நேரம் ஆகாது. சேம்பரை இறக்கும் முன் இதைப் பார்ப்பதுதான் முறை, வால்வு வெளியே இருக்கும் எஞ்சின்களில்.

சமவெளியில் சரி, மலையில் மட்டும் மினுக்குகிறது: ஏற்றத்தில் சேம்பரில் உள்ள ஆயில் பின்னுக்கும் இறக்கத்தில் முன்னுக்கும் ஓடும். வளைவில் பக்கவாட்டில் ஒதுங்கும். அளவு கொஞ்சம் குறைவாக இருந்தாலோ, உறிஞ்சு குழாய் சரியான இடத்தில் உட்காராமல் இருந்தாலோ பம்ப் காற்றை இழுக்கும். ஜவ்வாது மலை, ஏலகிரி, கொல்லிமலை ஓட்டும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இதோடு டிரைவர் பழக்கமும் சேர்கிறது. டீசல் மிச்சம் என்று மேல் கியரிலேயே எஞ்சினை முக்க வைத்து ஏற்றுவது பலருக்கு வழக்கம். ஆர்.பி.எம். குறைவு, அதனால் பம்ப்பும் மெதுவாகத்தான் சுற்றுகிறது. பிஸ்டன் கொடுக்கும் அடியோ உச்சத்தில் இருக்கிறது. பேரிங்கின் ஆயில் படலம் மிகவும் மெலிவது அந்த நேரத்தில்தான். புதிதாகக் கட்டிய எஞ்சினை ஒரு கியர் கீழே போட்டு ஏற்றுங்கள்.

பிரஷர் அதிகமாக இருந்தாலும் சந்தோஷப்பட முடியாது என்பதையும் சொல்லணும். கேஜ் மாட்டிய இடத்தைத் தாண்டி கேலரியில் அடைப்பு இருந்தால், கேஜ் நன்றாகக் காட்டும், கடைசி பேரிங் பட்டினி கிடக்கும்.

சத்தம் என்ன சொல்லும்?

கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்தால் கனமான 'டக் டக்' கேட்கும். ஆக்ஸிலேட்டரை அழுத்தி சட்டென விடும்போது அது தெளிவாகத் தெரியும். மெயின் பேரிங் சத்தம் இன்னும் ஆழமாக, லோடு ஏறும்போது 'தொம் தொம்' என்று வரும், கால் வைத்திருக்கும் ஃப்ளோரிலேயே அதிர்வு தெரியும். பழைய வகை இன்லைன் பம்ப் வண்டிகளில் மெக்கானிக் ஒவ்வொரு சிலிண்டரின் டீசல் பைப் நட்டையும் லேசாகத் தளர்த்திப் பார்ப்பார். எந்த சிலிண்டரை நிறுத்தும்போது சத்தம் குறைகிறதோ அதுதான் குற்றவாளி. காமன் ரயில் எஞ்சினில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது. அந்த பைப்பில் ஆயிரம் பாரைத் தாண்டிய அழுத்தம் இருக்கிறது. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையை எடுக்க வேண்டிய நிலைகூட வரலாம். அந்த வண்டிகளுக்கு ஸ்கேனர் இருக்கிறது.

ஃபில்டரை வெட்டிப் பாருங்கள்

செலவே இல்லாத பரிசோதனை. கழற்றிய ஆயில் ஃபில்டரை வெட்டி, உள்ளே இருக்கும் காகிதத்தை விரித்து வெயிலில் பாருங்கள். ஹேக்ஸா பிளேடால் அறுத்தால் அந்த இரும்புத்தூளே உள்ளே விழுந்து குழப்பும், பைப் கட்டர் நல்லது. மினுமினுக்கும் துகள் மீது காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டினால் இரும்பு, அதாவது கிராங்க், கியர், லைனர், ரிங் பக்கம் தேட வேண்டும். ஒட்டாமல் வெள்ளியாகவோ செம்பு நிறத்திலோ மின்னினால் அது பேரிங் உலோகம். எஞ்சின் வேலை முடிந்து முதல் ஃபில்டரில் கொஞ்சம் மினுக்கு இருப்பது சகஜம். இரண்டாவதிலும் இருந்தால் சேம்பரை இறக்கத் தயாராகுங்கள்.

பேரிங் ஷெல்லைப் படிப்பது எப்படி?

லாரி பேரிங் ஷெல் ஒரே உலோகம் அல்ல. பின்னால் எஃகு, அதன் மேல் செம்பு-ஈயம் அல்லது அலுமினியக் கலவை, பல வகைகளில் மேலே மெல்லிய ஈய-வெள்ளீயப் பூச்சு. மென்மையான அந்த மேல் பூச்சு தூசியை விழுங்கி கிராங்க்கைக் காப்பாற்றுவதற்காகவே இருக்கிறது. அமெரிக்காவில் ஐசக் பாபிட் 1839-ல் காப்புரிமை வாங்கிய வெள்ளை உலோகத்தின் வழிவந்த யோசனை இது. பட்டறைகளில் இன்றும் 'ஒயிட் மெட்டல்' என்று சொல்வார்கள். கோவையின் பைமெட்டல் பேரிங்ஸ் 1961 முதல் இயங்கிவரும் நிறுவனம், நம் ஊர் லாரிக்காரர்களுக்கு இந்த வகை ஷெல் புதிதல்ல.

ஷெல்லைக் கழற்றும்போது எந்த சிலிண்டர், மேலா கீழா என்று ஒவ்வொன்றின் பின்புறமும் மார்க்கரால் எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் கொட்டிவிட்டால் சாட்சியம் போய்விட்டது.

சுற்றுவட்டமாகக் கோடு கோடாகக் கீறல், இடையிடையே துகள் பதிந்திருக்கிறது என்றால், அழுக்கு. எஞ்சின் கட்டிய லாரியில் அநேகமாக இதுதான் காரணம். கிராங்க் கிரைண்டிங் செய்த பிறகு அதன் ஆயில் துளைகளுக்குள் தங்கிய அரைப்புத்தூள், போர் செய்த பிளாக்கைச் சரியாகக் கழுவாதது, பழைய எஞ்சின் உடைந்தபோது ஆயில் கூலருக்குள் ஒளிந்துகொண்ட உலோகத்தூள். கூலரை மாற்றாமலோ முறையாகக் கழுவாமலோ புது பேரிங் போடுவது பணத்தைத் தீயில் போடுவது மாதிரி.

மேல் பூச்சு உருகி வழித்ததுபோல் இழுபட்டு, செம்பு தெரிந்து, நீலம் பூத்திருந்தால் ஆயில் வரவில்லை. எல்லா ஷெல்லும் அப்படி என்றால் பம்ப், ஸ்ட்ரெய்னர், வால்வு. ஒன்று மட்டும் என்றால் அந்த ஜர்னலுக்குப் போகும் வழியில் அடைப்பு. பல எஞ்சின்களில் மெயின் பேரிங்கின் மேல் ஷெல்லில் ஆயில் துளை இருக்கும், கீழ் ஷெல்லில் இருக்காது. மாற்றிப் போட்டுவிட்டால் அந்த மெயினுக்கும், அதிலிருந்து ஆயில் வாங்கும் ராடு பேரிங்குக்கும் சேர்த்து வழி மூடிவிடும்.

ஒரு ஓரத்தில் மட்டும் தேய்மானம் என்றால் ஜர்னல் சாய்வாக கிரைண்ட் ஆகியிருக்கிறது, அல்லது ராடு வளைந்திருக்கிறது. ஷெல்லின் பின்புறம் பளபளவென்று தேய்ந்திருந்தால், அது தன் இருப்பிடத்தில் இறுக்கமாக உட்காரவில்லை. ஷெல் அரைவட்டத்தைவிட மயிரிழை பெரிதாகவே செய்யப்படும், கேப்பை முறுக்கும்போது அழுந்தி இறுகுவதற்காக. கேப்பை அரத்தால் ராவுவது, ஷெல்லுக்கு அடியில் பேப்பரோ தகடோ வைப்பது எல்லாம் அந்தக் காலத்து வித்தை. அதை இன்னும் திறமை என்று சொல்லிக்கொள்பவரிடம் எஞ்சினைக் கொடுக்காதீர்கள்.

கேப் மாறிப் போடுவதும் நடக்கிறது. ராடும் கேப்பும் சேர்த்துக் கடையப்பட்டவை, எண் பொருந்த வேண்டும்.

இன்னொன்று, கேட்கவே வேடிக்கையாக இருக்கும்: அளவு தவறிய ஷெல். கிராங்க்கை கிரைண்ட் செய்தால் 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்று அண்டர் சைஸ் ஷெல் போட வேண்டும். பட்டறையில் இதை 10, 20, 30, 40 என்பார்கள். 20-க்கு அரைத்த கிராங்க்குக்கு 10 ஷெல் வந்து சேர்ந்தால் இடைவெளி கால் மில்லிமீட்டர் கூடிவிடும். பெட்டியை நம்பாமல் ஷெல்லின் பின்புறம் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள்.

பேரிங் மட்டும் மாற்றினால் போதுமா?

காரணம் தெரியாமல் மாற்றினால் அடுத்த செட்டும் அதே கதிதான். கிராங்க்கை மைக்ரோமீட்டரில் ஒவ்வொரு ஜர்னலிலும் குறைந்தது இரண்டு திசையில் அளக்க வேண்டும், ஓவலாகியிருந்தால் அப்போதுதான் தெரியும். விரல் நகத்தை மெதுவாக ஓட்டினால் மாட்டும் கீறல் இருந்தால், துணி போட்டுத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது, கிரைண்டிங்தான். கேப்பை முறுக்கிய பிறகு உள்ள இடைவெளியை பிளாஸ்டிகேஜ் என்ற மெல்லிய மெழுகு இழையால் அளக்கலாம். அது நசுங்கிய அகலமே இடைவெளியைச் சொல்லும். முறுக்குவதற்கு டார்க் ரெஞ்ச் வேண்டும், கை கணக்கு கூடாது.

லேத் பட்டறையில் இரண்டு விஷயம் கேளுங்கள். ஜர்னல் ஓரத்தில் உள்ள வளைவை அப்படியே விட்டு அரைக்கிறீர்களா? அந்த இடம் செங்கோணமாகக் கூர்மையாகிவிட்டால் கிராங்க் பின்னாளில் அங்கேதான் உடையும். இரண்டாவது, மேல்தோல் கடினப்படுத்திய கிராங்க்காக இருந்தால் அரைத்த பிறகு கடினம் மிச்சம் இருக்கிறதா?

பிரஷர் குறைவுக்கு 'கட்டி ஆயில்' ஊற்றித் தருவதும் உண்டு. அது கேஜை ஏமாற்றும். காலை ஸ்டார்ட்டில் அந்த ஆயில் பேரிங்கைச் சென்றடைய நேரமாகும், தேய்மானம் அதிகமாகும். கம்பெனி சொன்ன கிரேடு போதும்.

கட்டி முடித்த எஞ்சினை நேராக ஸ்டார்ட் செய்யவும் கூடாது. ஃபில்டரில் ஆயில் நிரப்பி, கேலரிக்கு வெளியிலிருந்து பிரஷர் கொடுத்து, அல்லது டீசலை நிறுத்திவைத்து கேஜ் முள் எழும்வரை செல்ஃபில் விட்டு விட்டுச் சுற்றி, பிறகுதான் தீ மூட்ட வேண்டும். பேக்கிங்குக்குப் பதில் அள்ளிப் பூசும் சிலிக்கான் பேஸ்ட்டிலும் கை அளவு வேண்டும். சேம்பருக்குள் பிதுங்கிய பேஸ்ட் சூட்டில் உதிர்ந்து ஸ்ட்ரெய்னரில் போய் ஒட்டிக்கொள்ளும். வலையில் ரப்பர் துணுக்கு இருந்தால் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.

செலவு யாருடையது?

சண்டை தொடங்கும் இடம் இதுதான். "ஆயில் பார்க்காம ஓட்டினீங்க" என்பார் பட்டறைக்காரர். "நீங்க சரியா கட்டல" என்பார் ஓனர். இதைத் தீர்ப்பது ஷெல்லும் தாளும்தான். என்ன வேலை, எந்த அண்டர் சைஸ், எந்த பாகம் புதிது என்று எழுதிய பில் வாங்குங்கள். கிராங்க் கிரைண்டிங் அளவுகளை எழுதி வாங்குங்கள். டெலிவரி எடுக்கும்போது சூடான எஞ்சினின் ஐடில் பிரஷரை கேஜோடு போட்டோ எடுங்கள். பழுதானால், இரு தரப்பும் இருக்கும்போது மட்டும் எஞ்சினைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு ஷெல்லையும் வீடியோ எடுங்கள். பழைய ஷெல்களைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்.

பேசித் தீரவில்லை என்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இருக்கிறது. சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் மனு செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. லாரி என்றாலே 'வணிக நோக்கம்', வழக்கு செல்லாது என்று எதிர்த்தரப்பு சொல்லும். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கமாகக் கருத முடியாது என்று சட்டத்தின் விளக்கமே சொல்கிறது. ஒரே ஒரு லாரி வைத்துத் தானே ஓட்டுபவர் இதை எடுத்து வாதாடலாம். வழக்குக்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் அழைத்துப் புகாரைப் பதிவு செய்யலாம்.